மூன்றும் நான்கும் ஐந்து!

மூன்றும் நான்கும் ஏழு என்பது பள்ளிக் கணக்கு. கரம்பொன் மாணவன் ஒருவன் அக்கணக்கை ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றால், கடல் வேறு விடையும் கூறும்.

அமைதியான நீரில் மணிக்கு 4 கிலோமீற்றர் செல்லும் தோணி ஒன்று காரைநகரை நோக்கி வடக்கே புறப்படுகின்றது என்போம். நீரோட்டமோ கிழக்கு நோக்கி மணிக்கு 3 கிலோமீற்றர். தோணியை ஓட்டத்தின் வழியே திருப்பினால் அதன் கதி 7. எதிர்த்துச் செலுத்தினால் 1. குறுக்கே செலுத்தினால் 5! மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்து 25. அதன் வர்க்கமூலம் 5. எண்கள் மாறவில்லை, திசையே மாறியது.

மூன்று கிலோ அரிசியோடு நான்கு கிலோ சேர்ந்தால் எங்கும் ஏழு கிலோவே. திணிவு, நேரம், தூரம், கதி என்பன பருமன் மட்டுமே உடைய எண்ணிக் கணியங்கள். இடப்பெயர்ச்சி, வேகம், விசை என்பன திசையும் வேண்டி நிற்கும் காவிக் கணியங்கள்.

நம் கடலோடிகள் இதனை நன்கறிவர். வடக்கிலிருந்து வீசுங் காற்று வாடை. கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். பெயரிலேயே திசை உண்டு.

அணியத்தை நேர் வடக்கே வைப்பவன், நான்கு முழம் முன்னேறுவதற்குள் மூன்று முழம் கிழக்கே ஒதுங்குவான். எதிர்த்துறையை நேரே அடைய விரும்புவோன் அணியத்தை மேற்கே சாய்த்துப் பிடித்தல் வேண்டும். வலிமை மட்டும் கரை சேர்க்காது, திசையும் வேண்டும்.