சும்மா இருக்கத் தெரியாத நாய்!

ஒரு நாயின் விலை 27 லட்சம் ரூபாய்!

கதை அல்ல. உண்மை.

2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், வேல்ஸ் நாட்டில் டொல்கெத்லாய் என்ற ஊரைச் சேர்ந்த ஏலக் கம்பெனி ஒன்று நாய்களை ஏலம் விட்டது. அதில் "கிம்" என்ற பெண் நாயும் ஒன்று. வயது ஒன்றுதான். 27 ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஏலம் போயிற்று. அன்றைய கணக்கில் நம் பணத்துக்குச் சுமார் 27 லட்சம்!

கிம் அவ்வளவு பெரிய நாயா? இல்லை. நடுத்தர உயரம். இந்த ஜாதி நாய்கள் பெரும்பாலும் 14 கிலோ முதல் 20 கிலோ வரைதான் இருக்கும்.

பிறகு எதற்கு இந்த விலை?

கிம்முக்கு வேலை தெரியும். ஆடு மேய்க்கும் வேலை!

இந்த ஜாதிக்குப் பெயர் "பார்டர் கோலி". பார்டர் என்றால் எல்லை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே உள்ள எல்லைப்புறக் குன்றுகளில் உருவான நாய். அதனால் இந்தப் பெயர். பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும்.

குன்றின் மேல் இதற்கு ராஜ மரியாதை. ஆனால் அதே நாயை ஆசைப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களில் பலர், கொஞ்ச நாளிலேயே கையைப் பிசைகிறார்கள். பிரிட்டனில் இந்த ஒரு ஜாதிக்கென்றே அனாதை நாய் விடுதிகள் இருக்கின்றன. அங்கே வந்து சேரும் நாய்களில் பல, நல்ல நாய்கள். நோய் இல்லை. வெறி இல்லை. வளர்த்தவர்களால் சமாளிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் முடியவில்லை? அதற்கு முதலில், இந்த நாய் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும்.

கண் பார்வை போதும்!

ஆட்டுக்காரர் குன்றின் அடியில் நிற்கிறார். செம்மறி ஆடுகள் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் மேய்கின்றன. அவர் வாயில் ஒரு விசில். பக்கத்தில் நாய்.

விசில் ஊதுகிறார். நாய் பாய்கிறது. ஆனால் நேராக ஓடாது. நேராக ஓடினால் ஆடுகள் மிரண்டு சிதறிவிடும் அல்லவா? வில் போல் வளைந்து ஓடி, மந்தையின் பின்பக்கம் போய் நிற்கும்.

அதற்கு மேல்தான் வேடிக்கை. தலையைத் தாழ்த்தும். உடலைப் பதிக்கும். பூனை எலியைப் பார்ப்பது போல் ஆடுகளை உற்றுப் பார்க்கும். குரைக்காது. கடிக்காது. பார்வை ஒன்றுதான்! அந்தப் பார்வைக்கு அஞ்சி ஆடுகள் மெல்ல நகரும். மந்தை முழுவதும் ஆட்டுக்காரர் காலடிக்கு வந்து சேரும்.

"கம் பை" என்றால், கடிகார முள் சுற்றும் பக்கமாக மந்தையைச் சுற்ற வேண்டும். "அவே" என்றால் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். "லை டவுன்" என்றால் படுக்க வேண்டும். ஒவ்வோர் உத்தரவுக்கும் தனி விசில் ஓசையும் உண்டு. காற்றடிக்கும் குன்றில் மனிதக் குரல் அவ்வளவு தூரம் எட்டாதே!

இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது? ஓநாயிடமிருந்து!

ஓநாய் இரையைப் பார்க்கும்; பதுங்கும்; விரட்டும்; கடிக்கும்; கொல்லும். நன்றாகப் பார்த்து, பதுங்கி, விரட்டும் நாய்களையே ஆட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் குட்டி போடவிட்டார்கள். ஆட்டைக் கடித்துக் குதறும் நாயை ஒதுக்கினார்கள். முதல் மூன்று குணங்களும் ஓங்கின. கடைசி இரண்டும் அடங்கின.

அடங்கினவே தவிர, அடியோடு போய்விடவில்லை. இதை மறக்க வேண்டாம்.

ஹெம்ப் என்ற பாட்டனார்

இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்து என்று ஒரு பகுதி. அங்கே ஆடம் டெல்ஃபர் என்ற விவசாயி இருந்தார். அவருடைய ஆண் நாய் ராய், கலகலப்பான நாய். ஆனால் பார்வையில் வேகம் போதாது. பெண் நாய் மெக், கூச்ச சுபாவம். பார்வையோ ஊசி முனை. இரண்டுக்கும் 1893-ம் ஆண்டு ஒரு குட்டி பிறந்தது. அதுதான் ஹெம்ப்.

தாயின் பார்வையும் தந்தையின் நல்ல குணமும் அதற்கு வாய்த்தன. பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் தங்கள் பெண் நாய்களை அழைத்துக்கொண்டு வந்தார்கள். ஹெம்ப் 1901-ல் இறந்தது. எட்டு வயதுகூட நிறையவில்லை. அதற்குள் சுமார் 200 குட்டிகளுக்குத் தந்தை! இன்று உலகில் உள்ள பார்டர் கோலிகளில் ஏறக்குறைய எல்லாமே அதன் வம்சம்தான்.

ஆடு மேய்க்கும் நாய்களுக்குப் போட்டிகளும் உண்டு. 1873-ல் வேல்ஸ் நாட்டில் பாலா என்ற ஊரில் நடந்த போட்டி பெயர் பெற்றது. 1906-ல் இதற்கென்று ஒரு சர்வதேசச் சங்கமே ஏற்பட்டது. அந்தச் சங்கத்தின் தலையாய போட்டியில் பத்துப் பத்தாக இரண்டு மந்தைகளை நாய் தேடிக் கொண்டுவர வேண்டும். பிறகு அந்த இருபதில், கழுத்துப் பட்டை கட்டிய ஐந்து ஆடுகளை மட்டும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அழகுக்கு அங்கே மார்க் கிடையாது!

வீட்டுக்குள் வந்தால்?

இப்போது இந்த நாயை ஒரு பட்டணத்து வீட்டில் விடுங்கள். கணவர் ஆபீசுக்குப் போய்விடுகிறார். மனைவியும் வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் ஆடு இல்லை. நாய் என்ன செய்யும்?

ஆட்டைத் தேடும்!

மாலையில் பிள்ளைகள் வந்து தோட்டத்தில் ஓடுவார்கள். அவர்கள்தான் ஆடு! நாய் சுற்றிச் சுற்றி ஓடி அவர்களை ஒரு மூலையில் சேர்க்கும். பிள்ளை நிற்காவிட்டால் குதிகாலை "லபக்"கென்று கவ்வும். கோபம் அல்ல. அது கற்ற தொழில். ஆனால் பிள்ளைக்கு வலிக்குமே! சிறு குழந்தையையும் இந்த நாயையும் தனியே விடக்கூடாது. பிள்ளைகள் ஓடியாடும் நேரத்தில் நாய்க்கு வேறு இடம் வேண்டும்.

தெருவில் சைக்கிள் போனால் அது ஆடு. மோட்டார் போனால் அதுவும் ஆடு. இதுதான் பெரிய ஆபத்து. சக்கரத்தை மடக்கப் பாய்ந்து எத்தனையோ நாய்கள் உயிரை விட்டிருக்கின்றன. சாலை ஓரத்தில் கயிறு இல்லாமல் இதை நடத்திச் செல்லவே கூடாது. எவ்வளவு பழகிய நாயானாலும் சரி.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்? சுவரில் ஆடும் நிழலை உற்றுப் பார்க்கத் தொடங்கும். டார்ச் வெளிச்சத்தைத் துரத்தும். லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளியைத் தரையில் ஓட்டி விளையாட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு. பார்க்க வேடிக்கைதான். ஆனால் அந்தப் புள்ளி என்றைக்கும் பிடிபடாது. பிடிபடாததைத் தேடித் தேடி, சில நாய்கள் மணிக்கணக்கில் சுவரையே பார்த்து நிற்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. அந்தக் காட்சி வேடிக்கை அல்ல.

ஓட விட்டால் சரியாகிவிடுமா?

"நாய்க்கு ஓட்டம் போதவில்லை" என்று அக்கம் பக்கத்தார் சொல்வார்கள். உடனே வீட்டுக்காரர் காலையும் மாலையும் பந்தை எறிவார். நூறு தடவை எறிவார். நாய் நூறு தடவையும் கொண்டுவரும். நூற்றோராவது தடவைக்குக் காத்து நிற்கும்.

தினமும் ஓடுகிறவனுக்கு உடம்பு தேறும் அல்லவா? நாய்க்கும் அப்படித்தான். இந்த மாதம் ஒரு மணி நேரத்தில் களைத்த நாய், அடுத்த மாதம் இரண்டு மணி நேரம் கேட்கும். களைப்பது நாய் அல்ல, எஜமானர்தான்!

ஓட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல நடை கட்டாயம் வேண்டும். ஆனால் காலுக்கு மட்டும் வேலை கொடுத்தால் போதாது. மூளைக்கும் வேலை கொடுக்க வேண்டும்.

அந்த மூளை எப்பேர்ப்பட்டது? அமெரிக்காவில் தென் கரோலினா மாகாணத்தில் ஜான் பில்லி என்ற ஓய்வு பெற்ற மனோதத்துவப் பேராசிரியர் இருந்தார். அவரிடம் "சேஸர்" என்ற பார்டர் கோலி இருந்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர் வைத்து, தினமும் நாலைந்து மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். மூன்று ஆண்டுகளில் 1,022 பெயர்கள்! பெயரைச் சொன்னால் அந்தப் பொம்மையை எடுத்து வரும். துணி பொம்மைகள் மட்டும் 800. அவ்வளவையும் பேராசிரியரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா? ஒவ்வொன்றின் மேலும் பெயரை எழுதி வைத்தார்! இந்த ஆராய்ச்சி 2011-ல் அச்சில் வந்தது. பேராசிரியர் 2018-லும், சேஸர் 2019-லும் காலமாயினர்.

நமக்கு ஆயிரம் வேண்டாம். ஐந்து பொம்மை போதும். சாப்பாட்டில் ஒரு பங்கைத் தோட்டத்தில் ஒளித்துவைத்து மோப்பத்தால் தேடவிடலாம். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, நாய் கண்டுபிடிக்கலாம். பத்து நிமிஷம் இப்படி யோசித்து வேலை செய்த நாய், காலடியில் வந்து சுருண்டு படுப்பதைப் பார்க்கலாம்.

"போதும்!"

ஆட்டுக்காரர்களிடம் இன்னோர் உத்தரவு உண்டு. "தட் வில் டூ." அதாவது, "போதும், வந்துவிடு." அதைக் கேட்டதும் நாய் மந்தையை விட்டுவிட்டுத் திரும்பும். பண்ணை நாய்கள் இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்வதில்லை. வேலை முடிந்தால் தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். பட்டணத்து எஜமானர்கள் பலர் கற்றுக்கொடுக்கத் தவறுவது இதைத்தான்.

பாய் ஒன்றைப் போட்டு, "இங்கே படு" என்று குட்டியிலிருந்தே பழக்கலாம். அமைதியாகப் படுத்திருக்கும்போது மெல்ல ஒரு துண்டு தின்பண்டம் கொடுக்கலாம். குதித்துக் கூத்தாடும்போது கொடுக்கக்கூடாது. அடித்துப் பழக்குவது வீண். இது தொட்டாற்சிணுங்கி நாய். வெடிச் சத்தத்துக்கே மேஜைக்கு அடியில் ஒண்டும். பிரிட்டனில் நவம்பர் 5-ந் தேதி வாண வேடிக்கை நடக்கும்போது, பல வீடுகளில் இந்த நாயைத் திரை போட்ட அறையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

"போதும்" என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தானாக நிறுத்த இந்த நாய்க்குத் தெரியாது. வேகமாக ஓடிய கால்மணி நேரத்துக்குள், சில பார்டர் கோலிகளுக்குப் பின்னங்கால்கள் தள்ளாடும். திசை தெரியாமல் விழிக்கும். சில சமயம் விழுந்தே விடும். வெயில் நாளில் இது அதிகம். விழுந்த பிறகும் எழுந்து பந்தைத் தேடும்! உடனே ஆட்டத்தை நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய் உடலைக் குளிர வைக்க வேண்டும். பிறகு மாட்டு டாக்டர் ஆனாலும் சரி, நாய் டாக்டர் ஆனாலும் சரி, காட்டிவிட வேண்டும்.

யார் வளர்க்கலாம்?

இந்த நாய் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. பள்ளியில் சேரும் பிள்ளைக்காக வாங்கினால், அவன் கல்லூரிக்குப் போகும்போதும் அது வீட்டில் இருக்கும்.

பகலில் ஆள் இல்லாத வீட்டுக்கு இது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் ஒருவர் இருந்து, அவருக்கும் கற்றுக்கொடுப்பதில் ஆசை இருந்தால், இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. குட்டிதான் வேண்டும் என்பதும் இல்லை. விடுதிகளில் மூன்று, நான்கு வயது நாய்கள் கிடைக்கின்றன. அவற்றின் குணம் இன்னதென்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் பணத்தை நீட்டியதும் நாயைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் கேள்வி கேட்பார்கள். வீட்டில் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள்? சின்னக் குழந்தைகள் உண்டா? பூனை இருக்கிறதா? தோட்டத்து வேலி எவ்வளவு உயரம்? பதில் திருப்தி இல்லை என்றால், நாய் அவர்களிடமே இருக்கும்.