ஒளிப்படமும் கணிப்பொறித் தூரிகையும்

வண்ணம் தீட்டப்பெறாத கோட்டுருவத்தைப் பண்டைத் தமிழர் 'புனையா ஓவியம்' என்றனர். நெடுநல்வாடையில் இச்சொல் வழங்குகின்றது. ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' எனக் குறிக்கும் மதுரைக்காஞ்சி. காண்பவர் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிலைபெறச் செய்பவர் என்ற அளவில் அதற்குப் பொருள் கொள்ளலாம். இவ்விரு சொற்களையும் வகுப்பறையில் விளக்கும்போதெல்லாம், நம் மாணவர் கையிலுள்ள கைப்பேசி நினைவுக்கு வருகின்றது. தாம் எடுத்த ஒளிப்படங்களைக் கணிப்பொறியில் இட்டு, எண்ணெய் வண்ண ஓவியமாகவும் நீர்வண்ண ஓவியமாகவும் மாற்றி மகிழ்வோர் அவர்களுள் பலர். இப்பொழுதுபோக்கின் இயல்பை ஈண்டுச் சற்று ஆராய்வோம்.

ஒளிப்படத்தின்மேல் தூரிகை வைப்பது புதுச் செயலன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக விளங்கியவர் லின்னேயஸ் டிரைப். 1858ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டி இணைத்து, 19 அடிக்குக் குறையாத ஒரே நீள்படமாக அமைத்தார். சான்றுக்காகப் படமெடுத்த அவரும் தூரிகையை விலக்கினாரில்லை. அக்காலத்து அச்சுப் படங்களில் நீலவானம் வெறும் வெண்மையாகவே தோன்றும். ஆதலால், 1855இல் பர்மாவில் எடுத்த படங்களின் எதிர்ப்படங்களில் அவர் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார்! பிற்காலத்தில் நம்மூர் ஸ்டூடியோக்களில் கருப்பு வெள்ளைப் படங்களுக்குக் கன்னச் சிவப்பும் சேலைப் பச்சையும் ஏற்றித் தந்தமை பெரியோர் பலர் அறிந்ததே. நாட்காட்டி ஓவியங்களால் பெயர்பெற்ற கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் ஒளிப்பட நிலையத் தொழிலோடு தொடர்புடையவரே.

கணிப்பொறி இக்கலைக்குள் நுழைந்தது மிக அண்மையில்தான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல், தம் உடன்பிறந்தார் ஜானுடன் சேர்ந்து உருவாக்கிய போட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. மறு ஆண்டே பெயிண்டர் என்னும் மென்பொருள், உண்மையான வண்ண டப்பாவில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்ததாம். விலை கொடுத்து வாங்க இயலாதவர்க்கு ஜிம்ப், கிருதா ஆகியன இலவசமாகவே கிடைக்கின்றன.

இனி, படம் ஓவியமாகும் வகையைக் காண்போம். ஒளிப்படம் என்பது புள்ளிகளின் தொகுதி. அகலத்தில் 3,000 புள்ளியும் உயரத்தில் 2,000 புள்ளியும் இருப்பின் மொத்தம் 60 இலட்சம். எண்ணெய் வண்ணத் தோற்றம் தரும் 'பில்டர்' ஒவ்வொரு புள்ளியிடமும் சென்று, அதனைச் சூழ்ந்த புள்ளிகளை நோக்குகின்றது. ஏழுக்கு ஏழு என்று கொண்டால் 49 புள்ளிகள். அவற்றை ஒளியின் அளவுப்படி குழுக்களாகப் பிரித்து, எக்குழுவில் உறுப்பினர் மிகுதியோ அக்குழுவின் சராசரி நிறத்தை நடுப்புள்ளிக்கு அளிக்கின்றது. பெரும்பான்மை வெல்ல, சிறுபான்மை மறைகின்றது. சின்னஞ்சிறு வேறுபாடுகள் அழிந்து, திட்டுத்திட்டாக நிறம் படிவதால் நம் கண் அதனைத் தூரிகைத் தடம் என்று நம்புகின்றது. மெல்லிய கயிறு, கம்பி, எழுத்து முதலியன இம்முறையில் முதலில் பலியாகும். இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

2015இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆய்வாளர் ஒரு புதுவழி கண்டனர். ஓர் ஓவியரின் பாணியை நரம்பு வலையமைப்பு கற்று, அதனை வேறொரு படத்தின்மேல் ஏற்றும் முறை அது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ இன்னும் ஒருபடி மேலே சென்று, படத்தில் இல்லாதவற்றையும் தாமே சேர்த்துவிடுகின்றன.

உயிருள்ளவற்றின் உருவம் வரைவதில் நம் பெரியோரிடையே தயக்கம் உண்டு. அதனை மதிப்போர்க்கு நிலக்காட்சி இருக்கவே இருக்கின்றது. பட்டுக்கோட்டையைச் சுற்றி அதற்குப் பஞ்சமா? கல்லணைக் கால்வாய்க் கரை உண்டு. அதிராம்பட்டினத்து உப்பளம் உண்டு. நெப்போலியன் தோற்ற செய்தியைக் கொண்டாடும் முகமாக இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா, அறுபட்டை வடிவில் எட்டு அடுக்குகளுடன் கடலை நோக்கி நிற்கின்றது. கோடுகள் உறுதியாக உள்ளமையால் எந்தப் பில்டரும் மனோராவை எளிதில் சிதைத்துவிட முடியாது. தொடக்கநிலையினர்க்கு நாம் பரிந்துரைப்பது இதனையே.

தென்னந்தோப்பு அப்படிப்பட்டதன்று. இதனை நாம் பட்டறிந்தோம்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயலில் இப்பகுதித் தென்னைகள் வீழ்ந்த கதையை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. எம் குடும்பத் தோப்பும் அதில் அழிந்தது. அதற்கு ஈராண்டுக்கு முன், யாதொரு நோக்கமுமின்றிக் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று எஞ்சியிருந்தது. அதனை ஓவியமாக்கிச் சட்டமிட்டு அத்தாவிடம் அளித்தோம். நெடுநேரம் பார்த்தார்கள். "மரமெல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம தோப்பு இல்லையே" என்றார்கள்.

காரணம் பிறகே விளங்கிற்று. தேங்காய்க் கணக்குக்காக ஒவ்வொரு மரத்திலும் அத்தா தாரினால் எண் எழுதியிருந்தார்கள். மூலப் படத்தில் முன்வரிசை எண்கள் தெளிவாகவே தெரிந்தன. பில்டர் அவற்றைப் பட்டையின் நிறத்தோடு கரைத்துவிட்டது. எண்ணிழந்த மரம் எவருடைய மரமாகவும் இருக்கலாமன்றோ?

நல்லவேளை, மூலப் படத்தை அழித்தோமில்லை. அதன் படி ஒன்றை எடுத்து, தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து மீண்டும் தொடங்கினோம். வானத்துக்கும் தரைக்கும் மட்டும் பில்டர். மரங்களுக்கு மென்பொருளின் தூரிகையைக் கையால் ஓட்டினோம். மாலைதோறும் அத்தா அருகில் அமர்ந்து வழிகாட்டினார்கள். தெரியாத எண்ணை யாம் ஊகித்து எழுத முற்பட்டபோது தடுத்தார்கள். "படத்துல தெரியாததை எழுதாதே; அது 17ஆ 19ஆன்னு எனக்கே இப்ப நினைவில்லை" என்பது அவர்கள் வாக்கு. மூன்று மாதம் கழித்து அப்படம் கூடத்தில் ஏறியது. இடப்பக்கத்து மூன்று மரங்களுக்கு அதில் எண் இல்லை.