பழைய விலைப் பட்டியலில் விடுபட்ட காசு

2007 அக்டோபர் 11ஆம் தேதி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு 3,875 புள்ளிகளில் முடிந்தது. 2024ஆம் ஆண்டின் கடைசி வர்த்தக நாளில் அது 3,787. இடையில் ஓடியவை 17 ஆண்டுகள். அந்த அக்டோபரில் பிறந்த குழந்தை அப்போது தேசிய சேவைக்குத் தயாராகும் வயதை நெருங்கியிருந்தது. குறியீடு அன்று கிளம்பிய இடத்தைக்கூட எட்டியிருக்கவில்லை.

“சிங்கப்பூர்ப் பங்கில் காசு போடுவதும் ஒன்றுதான், அலமாரியில் பூட்டி வைப்பதும் ஒன்றுதான்” என்று சொல்ல இந்த இரண்டு எண்கள் போதும். குடும்ப விருந்துகளில் இதைச் சொல்லும் ஒருவராவது இருப்பார். பிரியாணி ஆறும்வரை பேசுவார்.

மாலைச் செய்தியில் குறியீடு இத்தனை புள்ளி ஏறியது, இறங்கியது என்று வாசிப்பது என் அன்றாட வேலை. ஐந்து விநாடியில் முடிந்துவிடும். அந்த ஐந்து விநாடியில் ஈவுத்தொகைக்கு இடமில்லை. பதினேழு ஆண்டுக் கதையில் காணாமல் போனது அதுதான்.

இந்தக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் நிதிகள் இரண்டு நம் பங்குச் சந்தையில் இருக்கின்றன. பழையது 2002ல் ஸ்ட்ரீட்டிராக்ஸ் என்ற பெயரில் வந்து, பின்னர் எஸ்பிடிஆர் எஸ்டிஐ இடிஎஃப் என்று பெயர் மாறியது. மற்றது 2009ல் வந்தது. இடிஎஃப் என்றால் ஒரு கூடைப் பங்குகளை ஒரே பங்கைப் போலச் சந்தையில் வாங்கவும் விற்கவும் உதவும் நிதி. கணக்கும் எளிது: குறியீட்டை ஆயிரத்தால் வகுத்தால் ஒரு யூனிட்டின் விலை ஏறக்குறைய வந்துவிடும். 3,400 புள்ளி என்றால் 3 வெள்ளி 40 காசு.

இந்த நிதியின் பழைய விலைகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். திறந்தால் ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, தொடக்க விலை, அன்றைய உச்சம், அன்றைய அடி, முடிவு விலை, கைமாறிய யூனிட்டுகள், கடைசியாகச் சரிசெய்யப்பட்ட முடிவு விலை. தேக்கா சந்தையில் மாவுலாசி விற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடை திறந்ததும் ஒரு விலை, கூட்டம் நெருக்கும்போது ஒரு விலை, மத்தியானம் கடைக்காரர் ஐஸை அள்ளும்போது ஒரு விலை. முதல் சில பத்திகள் அவ்வளவுதான். நீண்டகாலத்துக்குப் பணம் போடுபவர் அவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. குடும்பச் சண்டையை மூட்டுவதும் தீர்ப்பதும் கடைசிப் பத்திதான்.

சண்டை என்றது சும்மா அல்ல. என் அக்கா 2015 ஜனவரியிலிருந்து வங்கி வழியாக மாதம் 200 வெள்ளி இந்தக் குறியீட்டு நிதியில் போட்டு வந்தார். மகளின் படிப்புக்கு. பத்து ஆண்டில் போட்ட தொகை 24,000 வெள்ளி. மகள் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகப்போகும் நேரத்தில், 2025 தொடக்கத்தில், அத்தான் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினார். “பதினேழு வருஷமா அசையாத சாமான். இதுல போய் பிள்ளை காசைப் போட்டு வச்சிருக்கே. எல்லாத்தையும் வித்துரு.” அக்காவிடம் பதில் இல்லை. “நீதான் ரேடியோவுல தினம் வாசிக்கிறியே தம்பி, சொல்லு” என்று என்னை இழுத்துவிட்டார்.

நான் கேட்டது ஒன்றுதான்: ஆண்டுக்கு இரண்டு முறை வங்கிக் கணக்கில் ஒரு சிறு தொகை விழுமே, அது எங்கே? அக்கா யோசித்தார். வங்கி அறிக்கைகளைத் தேடினோம். ஒவ்வோர் ஆண்டும் இரு முறை வந்திருந்தது. சம்பளத்துக்கும் தண்ணீர் மின்சாரக் கட்டணத்துக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் வந்து, முஸ்தபா மளிகைச் சாமானோடு கரைந்திருந்தது. அத்தான் காட்டிய கோட்டில் அந்தப் பணத்தின் ஒரு காசுகூட இல்லை.

ஈவுத்தொகை விலையை எப்படித் தொடுகிறது என்பதை ஒரு நாளில் பார்க்கலாம். நேற்று யூனிட் 3 வெள்ளி 50 காசில் முடிந்தது, 8 காசு ஈவுத்தொகை அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று முதல் வாங்குபவருக்கு அந்த 8 காசு கிடையாது. அதனால் சந்தையில் வேறு எதுவும் நடக்காவிட்டாலும் இன்றைய விலை 3 வெள்ளி 42 காசை ஒட்டித் தொடங்கும். பட்டியலில் அது வீழ்ச்சி. உண்மையில் பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போயிருக்கிறது. இப்படி ஆண்டுக்கு இரு முறை நடக்கிறது. பதினேழு ஆண்டில் 34 முறை.

2007ன் அந்த உச்ச நாளிலேயே வாங்கிய துரதிர்ஷ்டசாலியை எடுத்துக்கொள்வோம். ஒரு யூனிட் ஏறக்குறைய 3 வெள்ளி 88 காசு. ஈவுத்தொகையை, கணக்குக்காக, ஆண்டுக்கு 10 காசு என்று வைத்தால் 17 ஆண்டில் 1 வெள்ளி 70 காசு. 2024 முடிவில் கையில் இருக்கும் யூனிட் 3 வெள்ளி 79 காசு. இரண்டும் சேர்ந்தால் 5 வெள்ளி 49 காசு. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு. இதைக் கேட்டுக் கைதட்ட வேண்டாம்: மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கு எந்தக் கவலையும் இல்லாமல் தருவதும் 2.5 விழுக்காடுதான். ஆனால் உச்சத்தில் மாட்டியவரின் கதை இது. “அசையவே இல்லை” என்பதிலிருந்து இதுவே வெகுதூரம்.

அதே பட்டியலை 2009 மார்ச் 9லிருந்து தொடங்கிப் பாருங்கள். அன்று குறியீடு 1,456. அங்கிருந்து 3,787க்கு வருவது இரண்டரை மடங்குக்கு மேல், ஈவுத்தொகையைத் தொடாமலே. முதலீட்டை விற்க வருபவர் 2009லிருந்து கோடு போடுவார், கேலி செய்பவர் 2007லிருந்து போடுவார். யாராவது வரைபடம் காட்டினால் நான் முதலில் பார்ப்பது இடது ஓரத்தில் இருக்கும் தேதியைத்தான்.

மாதாமாதம் வாங்குபவருக்கு இந்த இரண்டு தேதிகளும் பொருந்தாது. 2015 தொடக்கத்தில் 3 வெள்ளி 40 காசு விலையில் அக்காவின் 200 வெள்ளிக்கு 58 யூனிட் கிடைத்திருக்கும். 2020 மார்ச்சில் கொவிட் பயத்தில் குறியீடு 2,233 வரை சரிந்தது. அந்த மாதக் கடைசியில் 2 வெள்ளி 50 காசை ஒட்டிய விலையில் அதே 200 வெள்ளிக்கு 80 யூனிட். அத்தானின் கோட்டில் பள்ளமாகத் தெரிந்த மாதம், அக்காவுக்கு அதிகம் அள்ளிய மாதம். போட்ட 24,000 ஒரு பக்கம், இருக்கும் யூனிட்டுகளின் மதிப்பும் வந்துபோன ஈவுத்தொகையும் மறுபக்கம் என்று எழுதிப் பார்த்தோம். மறுபக்கம் சந்தேகமில்லாமல் கனத்தது.

ஆனாலும் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டியதை உடனே விற்று எடுத்துவிடச் சொன்னேன். அத்தான் அதில் சொன்னது சரி. ஓராண்டுக்குள் தேவைப்படும் பணத்துக்குப் பழைய விலைப் பட்டியல் எந்த உத்தரவாதமும் தராது. 2020 போல ஒரு மார்ச் எந்த ஆண்டிலும் வரலாம். மீதியை அப்படியே விட்டார்கள். (இப்போது அத்தான்தான் ஈவுத்தொகை வரும் தேதியைக் குறித்து வைக்கிறார்.)

சரிசெய்யப்பட்ட முடிவு விலைக்கு வருவோம். ஈவுத்தொகை பிரிந்ததால் ஏற்படும் இடைவெளிகளை அடைக்க, பழைய விலைகளைக் கீழே இறக்கி எழுதுவது அந்தப் பத்தியின் வேலை. 1993 ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் எஸ்பிஒய் நிதி சந்தைக்கு வந்தபோது முதல் நாள் 44 டாலரை ஒட்டி முடிந்தது. இன்று சரிசெய்த பத்தியில் அதே நாளுக்குப் பாதியைச் சற்றே தாண்டிய ஓர் எண்தான் இருக்கும். அந்த விலையில் யாரும் ஒருநாளும் வாங்கியதில்லை. ஒவ்வொரு முறை ஈவுத்தொகை பிரியும்போதும் பழைய எண்கள் எல்லாம் இன்னும் கொஞ்சம் இறங்கும். சென்ற ஆண்டு இறக்கிய கோப்பும் இன்று இறக்கியதும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இது. வளர்ச்சியை ஒப்பிட இந்தப் பத்தி. நீங்கள் உண்மையில் கொடுத்த விலையைப் பார்க்க முடிவு விலைப் பத்தி. இரண்டையும் கலந்தால் கணக்கு கெடும்.

யூனிட்டுகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் உண்டு. வான்கார்டின் எஸ்&பி 500 நிதி 2013 அக்டோபரில் இரண்டு யூனிட்டை ஒன்றாக்கியது. சரிசெய்யாத பட்டியலில் விலை ஒரே இரவில் இரட்டித்ததாகத் தெரியும். யாரும் பணக்காரராகவில்லை. இத்தகைய அமெரிக்க நிதிகளைப் பார்க்கும் இளையர்கள் இன்னும் இரண்டைக் கழிக்க வேண்டும்: பட்டியல் அமெரிக்க டாலரில் இருக்கிறது, நம் செலவு சிங்கப்பூர் வெள்ளியில், அங்கிருந்து வரும் ஈவுத்தொகையில் 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். சரிசெய்த பத்தி அந்த வரியைக் கழிப்பதில்லை.

பட்டியல் சொல்லாத இன்னொன்று, கூடைக்குள் என்ன இருந்தது என்பது. 2008 ஜனவரியில் குறியீடு திருத்தி அமைக்கப்பட்டு 30 நிறுவனங்கள் ஆனது. 2007ன் உச்சம் அதைவிடப் பெரிய கூடையின் உச்சம். 2020 ஜூனில் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் வெளியேறி, மேப்பிள்ட்ரீ தொழிலியல் அறநிதி உள்ளே வந்தது. இன்று டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஆகிய மூன்று வங்கிகளே கூடையில் ஏறக்குறைய பாதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. 2025ல் குறியீடு 4,000ஐத் தாண்டியதில் வங்கிகளின் பங்கு பெரிது. பெயர் ஒன்றுதான்; 2007ல் வாங்கியவர் வாங்கியதும் இன்று வாங்குபவர் வாங்குவதும் ஒரே பொருள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை ஒதுக்க முடிந்தால் பட்டியலை இறக்கி, நீங்கள் வாங்கிய தேதிகளுக்கு எதிரே கொடுத்த விலையை எழுதுங்கள். பக்கத்தில் வங்கி அறிக்கையிலிருந்து ஈவுத்தொகை விழுந்த நாள்களைச் சேருங்கள். வாங்கும்போது போன கட்டணத்தையும் மறக்க வேண்டாம், மாதம் 200 வெள்ளியில் அது சின்னத் தொகை இல்லை. ஒரு தாளின் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.