லண்டன் வீட்டு ஓனர் 'அக்ரெடிடெட்'னு சொல்றாரா? அட்வான்ஸ் போடும் முன் இதைப் பாருங்க

ஆன்சைட் கிடைச்சு யு.கே. கிளம்புறவங்க என்கிட்ட பெரும்பாலும் வரி பத்தித்தான் கேட்பாங்க. போன மாசம் ஒருத்தர் கேட்டது வேற: "சார், சென்னையில இருந்தே லண்டன் வீட்டுக்கு அட்வான்ஸ் போடச் சொல்றாங்க. ஓனர் அக்ரெடிடெட் லேண்ட்லார்டாம். நம்பலாமா?"

முதல்ல அது என்னன்னு பார்ப்போம். வாடகைச் சட்டத்தில் பயிற்சி எடுத்து, நன்னடத்தை விதிகளுக்குக் கட்டுப்படுறேன்னு ஒப்புக்கொண்ட ஓனருக்குக் கொடுக்கிற அங்கீகாரம்தான் அக்ரெடிடேஷன். லண்டனில் உள்ளாட்சி கவுன்சில்கள் சேர்ந்து 2004-லிருந்து இப்படி ஒரு திட்டம் நடத்துறாங்க. பேரு லண்டன் லேண்ட்லார்ட் அக்ரெடிடேஷன் ஸ்கீம்.

உங்களுக்கு என்ன லாபம்? வருஷா வருஷம் கேஸ் செக் பண்ணணும், ரிப்பேர் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்த ஓனருக்குத் தெரிஞ்சிருக்கும். விதியை மீறினா, கோர்ட்டுக்குப் போகாமலே புகார் சொல்ல ஒரு இடம் இருக்கு. அங்கீகாரம் போயிடும்ங்கிற பயமும் அவருக்கு இருக்கும். அவ்ளோதான். உங்க பணத்துக்கு அது கேரண்டி கிடையாது.

இங்கிலாந்தில் இது ஓனர் விருப்பம். அதனால, இருந்தா பிளஸ், இல்லைன்னா மைனஸ் இல்லைன்னுதான் நான் சொல்வேன். ஆனா கார்டிஃப், எடின்பரோ போறவங்களுக்குக் கதையே வேற. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் ஓனர் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். வீட்டு முகவரியைப் போட்டு ஆன்லைனில் நீங்களே தேடலாம். பதிவு இல்லையா, அந்த வீடு வேண்டாம்.

ஓனர் அனுப்புற சர்டிஃபிகேட் பிடிஎஃப்பை மட்டும் நம்பாதீங்க. திட்டத்தின் இணையதளத்தில் பேரைத் தேடுங்க. அந்தப் பேருள்ள ஆள்தான் வீட்டுக்குச் சொந்தக்காரரான்னு பார்க்க, இங்கிலாந்து, வேல்ஸ் வீடுகளுக்கு லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 7 பவுண்டு கட்டினா போதும். நம்ம ஊர் வில்லங்கச் சான்று வாங்குற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

இப்ப பணம். இங்கிலாந்தில் வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தா அட்வான்ஸ் அதிகபட்சம் 5 வார வாடகைதான். (10 மாச அட்வான்ஸ் கொடுத்துப் பழகின சென்னைக்காரங்களுக்கு இது கனவு மாதிரி இருக்கும்!) மாசம் 1,200 பவுண்டு வாடகைன்னா சுமார் 1,384 பவுண்டு, அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல. ஓனர் இதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரிச்ச டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்து, விவரத்தை உங்களுக்கும் தரணும். தரலைன்னா, கோர்ட் டெபாசிட் மாதிரி 1 முதல் 3 மடங்கு வரை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லலாம். காலி பண்ணும்போது பிடித்தத்தில் தகராறு வந்தா, அந்தத் திட்டமே இலவசமா தீர்த்து வைக்கும். ஓனர் அக்ரெடிடெட்டா இல்லையாங்கிறது இங்க விஷயமே இல்லை. இது எல்லா ஓனருக்கும் சட்டம்.

ஒரு பெரிய ஓட்டை இருக்கு. ஓனர் குடியிருக்கிற அதே வீட்டில் ஒரு ரூம் எடுத்தா நீங்க 'லாட்ஜர்'. அப்போ இந்த டெபாசிட் பாதுகாப்பு விதி பொருந்தாது. ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் தெரிஞ்சவங்க மூலமா ரூம் தேடுற நம்ம ஆட்கள் மாட்டுறது இங்கதான்.

கேள்வி கேட்டவர்கிட்ட விசாரிச்சா, அவருடையதும் அப்படிப்பட்ட ரூம்தான். அட்வான்ஸை நிறுத்தி வைக்கச் சொன்னேன். முதல் 2 வாரம் கம்பெனி தங்குமிடம் இருக்காம். நேர்ல போய் ரூமைப் பார்த்துட்டுக் கொடுக்கிறேன்னு ஓனருக்கு மெசேஜ் போட்டிருக்கார்.