ஒரு புட்டி வெட்டிவேர்: 1.8 கிராமின் கணக்கு

பாரிஸின் கெர்லான் நிறுவனம் 1959-இல் ஆண்களுக்கென ஒரு வாசனைத் திரவியத்தை உருவாக்கியது. கலவையை அமைத்த ழான்-பால் கெர்லானுக்கு அப்போது வயது 22. 1828-இல் தொடங்கப்பட்ட நிறுவனத்துக்கு வயது 131. திரவியத்தின் பெயர் 'வெத்திவேர்'. கார்வென் நிறுவனம் இதே வேரின் பெயரில் 2 ஆண்டு முன்னதாக, 1957-இல், ஒரு திரவியம் வெளியிட்டிருந்தது. ஜிவான்ஷியின் திரவியம் 1959-இல் வந்தது. 3 ஆண்டுக்குள் 3 பிரெஞ்சு நிறுவனங்கள் ஒரே வேரை நாடின. கெர்லான் 1994-இல் குடும்பத்தின் கையிலிருந்து எல்விஎம்எச் குழுமத்துக்குப் போனது. புட்டியின் வடிவம் மாறியிருக்கிறது, பெயர் மாறவில்லை. அந்தப் பெயர் பிரெஞ்சு மொழிக்குத் தமிழிலிருந்து போன சொல். வெட்டி எடுக்கும் வேர் என்று அறுவடை முறையையே சொல்லும் சொல் என்பதால், கணக்கையும் வெட்டுவதிலிருந்தே தொடங்கலாம்.

புட்டியைத் திறந்ததும் மூக்குக்கு முதலில் எட்டுவது எலுமிச்சை, பெர்கமோட் வகைப் பழத்தோல் மணம். பிறகு ஜாதிக்காய், மிளகு, புகையிலை. வேர் கடைசியில் வந்து கடைசிவரை நிற்கிறது. எலுமிச்சைத் தோலின் முதன்மைப் பொருளான லிமோனீனின் மூலக்கூறு எடை 136. வெட்டிவேர் எண்ணெயின் முக்கியப் பொருள்களில் ஒன்றான குசிமோலின் எடை 220. முன்னதில் கார்பன் அணுக்கள் 10, பின்னதில் 15. எடை 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் என்பதால் குசிமோல் மெதுவாக ஆவியாகிறது; சட்டைக் காலரில் மறுநாளும் மணக்கிறது. கொதிகலனில் எண்ணெய் இறங்கத் தாமதமாவதற்கும் இதுவே காரணம். லாவெண்டர் பூவைக் காய்ச்சி வடிக்க ஒரு மணி நேரம் போதும். வெட்டிவேருக்கு, பழைய முறையில், ஒரு பகலும் ஓர் இரவும் அடுப்பு எரியவேண்டும். அந்த எண்ணெயில் 100-க்கும் மேற்பட்ட பொருள்கள் கலந்திருக்கின்றன. அத்தனையையும் ஆலையில் மலிவாகச் செய்து சேர்க்க இன்றும் வழியில்லை. வேர் வேண்டுமானால் மண்ணைத்தான் வெட்டவேண்டும்.

ஒரு புட்டிக்கு எவ்வளவு வேர்? கெர்லான் தன் கலவை விகிதத்தை வெளியிடுவதில்லை. ஆகவே கீழே வருவது துறையின் வழக்கமான அளவுகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. வாசகர் எந்த எண்ணையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். 100 மில்லிலிட்டர் திரவத்தின் எடை 90 கிராம் என்று கொள்வோம். அதில் வாசனைச் செறிவு 10 விழுக்காடு, அதாவது 9 கிராம். அந்த 9 கிராமில் வெட்டிவேர் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 1.8 கிராம். காய்ந்த வேர் 100 கிலோவுக்கு 1 கிலோ எண்ணெய் என்ற விகிதத்தில், 1.8 கிராம் எண்ணெய்க்கு 180 கிராம் வேர் வேண்டும். நம் வீடுகளில் தண்ணீர்ப் பானையில் போடும் ஒரு பிடி வேர் 20 கிராம் என்றால், ஒரு புட்டிக்குள் 9 பானையின் வேர் இருக்கிறது.

அடுத்தது நிலம். ஹெக்டேருக்கு 2 டன் காய்ந்த வேர் என்று வைத்தால் எண்ணெய் 20 கிலோ. 10,000 சதுர மீட்டரில் 20,000 கிராம். ஒரு கிராமுக்கு அரைச் சதுர மீட்டர். ஒரு புட்டிக்கு 0.9 சதுர மீட்டர் நிலம், வேர் முற்ற 12 முதல் 18 மாதம். ஒரு லட்சம் புட்டிக்கு 180 கிலோ எண்ணெய், 18 டன் வேர், 9 ஹெக்டேர். நிலப்பரப்பு என்ற அளவில் இது சிறியது. அந்த நிலம் எங்கே, எந்தச் சரிவில் இருக்கிறது என்பதில்தான் பாரம் இருக்கிறது.

உலகின் வெட்டிவேர் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி ஹைட்டியிலிருந்து, பெரும்பாலும் அதன் தெற்குத் தீபகற்பத்தில் லெ காய் நகரைச் சுற்றிய மேடுகளிலிருந்து வருகிறது. அங்கே இதை ஒரு தொழிலாக வளர்த்தவர் லூயி தெஜ்வா என்ற வேளாண் அறிஞர். 2016 அக்டோபரில் 4-ஆம் வகைப் புயலான மேத்யூ கரையேறியது இந்தத் தீபகற்பத்தில்தான். 2021 ஆகஸ்ட் 14 அன்று 7.2 அளவு நிலநடுக்கம் வந்து 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இங்கேதான். ஐந்து ஆண்டுக்குள் இரண்டு அடி. கையில் காசில்லாத வீட்டில் வேர் முற்றும்வரை காத்திருக்க முடியாது. இளம் வேரில் எண்ணெய் 1 விழுக்காட்டிலிருந்து அரை விழுக்காடாகக் குறைந்தால், அதே 1.8 கிராமுக்கு 360 கிராம் வேரும் இரு மடங்கு தோண்டலும் தேவைப்படும்.

தோண்டலை எடைபோட்டுப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. 0.9 சதுர மீட்டரில் 30 சென்டிமீட்டர் ஆழம் வெட்டினால் 0.27 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.3 டன் வீதம் 351 கிலோ. 1.8 கிராம் எண்ணெய்க்காக அதைப்போல 1,95,000 மடங்கு எடையுள்ள மண் கிளறப்படுகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு மழையில் சரிவிறங்கினாலும் புட்டிக்கு 3.5 கிலோ மண் போகிறது. எடுத்த வேரைப்போல ஏறத்தாழ 19 மடங்கு. இத்தனைக்கும் மண்ணைப் பிடித்து நிறுத்துவதில் இந்தப் புல்லுக்கு இணை குறைவு. வேர் 3 மீட்டருக்கும் கீழே இறங்கும். அதன் சராசரி இழுவலிமை 75 மெகாபாஸ்கல், சாதாரண எஃகின் வலிமையில் ஆறில் ஒரு பங்கு. உலக வங்கி 1980-களில் இந்தியாவில் மண்ணரிப்பைத் தடுக்கப் பரிந்துரைத்ததும் இதே வெட்டிவேர் வரப்பைத்தான். நட்டு விட்டுவிட்டால் சரிவைக் காக்கும். வெட்டினால் சரிவைத் தளர்த்தும். ஒரு வயலில் வரிசை விட்டு வரிசை வெட்டினால் இரண்டும் நடக்கும். ஆனால் அந்த ஆண்டின் வருமானம் பாதியாகும்.

அந்தப் பாதியை யார் ஈடுகட்டுவது? எண்ணெய் கிலோ 200 யூரோ என்றால் ஒரு புட்டியில் உள்ள எண்ணெயின் விலை 36 சென்ட். 400 யூரோ என்றால் 72 சென்ட். புட்டியை 100 யூரோ என்று முழு எண்ணாகக் கொண்டால், பெயர் கொடுத்த வேருக்குக் கிடைப்பது விலையில் 1 விழுக்காட்டுக்கும் கீழே. வடிப்பாலை, இடைத்தரகர், ஏற்றுமதியாளர் பங்கெல்லாம் அதற்குள்தான். மண்வெட்டி பிடித்தவருக்குச் சேர்வது அதிலும் ஒரு பகுதி.

புட்டியின் விலை 1 யூரோ, அதாவது 1 விழுக்காடு, கூடுகிறது என்று வைப்போம். அந்த யூரோ முழுவதும் வேருக்கே போனால், 1.8 கிராமுக்கு 1 யூரோ. எண்ணெய்க் கிலோவுக்குக் கூடுதலாக 556 யூரோ. ஹெக்டேருக்கு 20 கிலோ வீதம் 11,111 யூரோ. பாதி வரிசையை வெட்டாமல் விட்டால் இழப்பு 10 கிலோ எண்ணெய், கிலோ 400 யூரோ என்ற மேல்விலையில் 4,000 யூரோ. மீதி 10 கிலோவுக்கு வரும் கூடுதல் மட்டும் 5,556 யூரோ.