தோற்ற பிறகு ஆடுவது எப்படி?

2024 நவம்பர் 25. சிங்கப்பூரில் உலகச் சதுரங்க சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே, வெள்ளைக் காய்களோடு ஆடிய குகேஷ் சீனாவின் டிங் லிரெனிடம் தோற்றார். அன்று எதிர்ப்பட்ட விஸ்வநாதன் ஆனந்த் அவரிடம் ஒரு கணக்கை நினைவூட்டினார். 2010இல் சோஃபியாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் டோபலோவிடம் முதல் ஆட்டத்தைப் பறிகொடுத்தபோது தனக்கு மிச்சமிருந்தவை 11 ஆட்டங்கள். குகேஷுக்கோ 13 இருக்கின்றன என்றார்.

தவறாக ஆடிவிட்டோம் என்று உறைக்கும் நொடியில் உடல் அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. பின்னாலேயே கார்டிசாலும் கூடுகிறது. நிதானமாக யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதியின் பிடி தளர்கிறது. நாலைந்து நகர்வுகளை மனத்தில் வைத்து ஒப்பிட உதவும் செயல்நினைவு தடுமாறுகிறது. ஒரு தவறை ஒட்டியே அடுத்த தவறும் வருவது இதனால்தான்.

அதற்காக முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாலும் பலனில்லை. உளவியலாளர்கள் ஜேன் ரிச்சர்ட்ஸும் ஜேம்ஸ் கிராஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியை வெளிக்காட்டாமல் அடக்கியவர்களுக்கு, அப்போது கேட்டவற்றை நினைவுகூர்வது கடினமாக இருந்தது. அடக்குவதற்கே மூளை உழைக்க வேண்டியிருக்கிறது. நிலைமையை வேறு கண்ணோடு பார்த்தவர்களுக்கு இந்த நஷ்டம் இல்லை. ஆனந்தின் கணக்கு செய்ததும் இதைத்தான்: தோல்வி அப்படியே இருந்தது, அதன் எடை குறைந்தது.

குகேஷ் 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் கைக்கு வந்த ஆட்டத்தை அப்துசத்தோரோவிடம் கோட்டைவிட்டவர். மறுநாளே வந்து டிரா செய்தார், அணிக்கு வெண்கலம் கிடைத்தது. சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2024 டொராண்டோ கேண்டிடேட்ஸ் தொடரில் ஏழாவது சுற்றில் ஃபிரோஸ்ஜாவிடம் தோற்றார், தொடரை வென்றார். சிங்கப்பூரில் 12ஆவது ஆட்டத்திலும் தோற்றுவிட்டு, 14ஆவதை வென்று 18 வயதில் சாம்பியன் ஆனார். அன்று தேம்பி அழுதபடியே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்கிவைத்தார். உணர்ச்சி பொங்கும் பிள்ளைதான் அவர். மனப்பயிற்சிக்கென்று பேடி அப்டன் என்ற பயிற்சியாளரையும் வைத்திருந்தார்.

திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ, சிப்காட் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துவரும் பெற்றோருக்கும் இது உதவும். ஒரே நாளில் பல சுற்றுகள். இடையில் கிடைப்பது கொஞ்ச நேரம். தோற்று வெளியே வரும் பிள்ளையிடம் “அந்தக் குதிரையை ஏன் அங்க வச்ச?” என்று ஆரம்பிக்காதீர்கள். அழுதால் அழட்டும். தண்ணீர் கொடுங்கள், சற்று நடக்கவிடுங்கள், மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். ஆட்டத்தை வீட்டுக்குப் போய்ப் பலகையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை, அடுத்த சுற்றில் எந்த போர்டு, வெள்ளையா கறுப்பா என்பதை மட்டும் பேசுங்கள்.