ஒரு ஏக்கர் நெல்லும் இருபத்தைந்து இரவும்

2025-26 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பொது ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். சன்ன ரகத்துக்கு 2,545. மணிமங்கலம், படப்பைப் பக்கம் ஏரித் தண்ணீரில் ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டால் 62,500 ரூபாய். உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் வாடகை எல்லாவற்றையும் இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அதே வயலோரம் ஓர் அறை கட்டி, காலைச் சிற்றுண்டியோடு இரவுக்கு 2,500 என்று விட்டால் 25 இரவில் அதே 62,500. நெல்லுக்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டும்.

தாம்பரத்தைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர் எவருக்கும் இந்தக் கணக்கு மனதில் ஓடும். ஓடட்டும், ஆனால் கடைசி வரி வரை ஓட வேண்டும்.

பண்ணை வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதைப் பெரிய அளவில் முறைப்படுத்திய நாடு பிரான்ஸ். கிராமத்து வீடுகளுக்கான ‘ஜீத் து பிரான்ஸ்’ கூட்டமைப்பு 1955-இல் தோன்றியது. விவசாயச் சபைகள் பண்ணைகளுக்கென்றே தனி வலையமைப்பை 1988-இல் தொடங்கின. 2007 ஆகஸ்ட் 3 அரசாணைப்படி அதிகபட்சம் 5 அறை, 15 பேர். காலை உணவும் படுக்கை விரிப்பும் கட்டணத்துக்குள் அடக்கம். வரவேற்க வேண்டியது அந்த வீட்டில் குடியிருப்பவரே. ஊர் மேயர் அலுவலகத்தில் பதியாவிட்டால் 450 யூரோ வரை அபராதம்.

நம் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டமும் ஏறக்குறைய இதே அச்சு. 1 முதல் 6 அறை, 12 படுக்கை. உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். அறை வெள்ளித் தரத்துக்கு 120 சதுர அடி, தங்கத் தரத்துக்கு 200. ஒரு நாள் வாடகைக்கு விட்டு, நீச்சல் குளமும் ஸ்பீக்கரும் வைத்து, வாட்ச்மேனிடம் சாவி கொடுக்கிற ‘ஃபார்ம் ஹவுஸ்’கள் இந்தக் கணக்கில் வரமாட்டா. அவை பெயர்ப்பலகையில் மட்டும் பண்ணை.

சரி, நிலம் எங்கே? 2021-இல் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது, 70 வார்டு. மாடம்பாக்கத்திலோ செம்பாக்கத்திலோ யாரிடமாவது இன்னும் ஓர் ஏக்கர் காலியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி, அதாவது 18 கிரவுண்டுக்குச் சற்று மேல். பேச்சுக்குச் சதுர அடி 5,000 என்று போட்டால் 21.78 கோடி. சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டதுபோகப் பாதிதான் மனையாகும் என்றாலும் 10.89 கோடி. வங்கியில் 6 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடத்துக்கு 65 லட்சம். ஹோம்ஸ்டே திட்டம் அனுமதிக்கும் 6 அறையையும் 2,500 வீதம் 365 நாளும் நிரப்பினால்கூட மொத்த வரவு 54.75 லட்சம்தான், செலவைக் கழிக்கவே இல்லை. ஆக, மாநகராட்சி எல்லைக்குள் பண்ணைத் தங்கல் என்பது நிலத்தின் மீது வைத்த பாசம், வியாபாரம் இல்லை.

எல்லைக்கு வெளியே, வாலாஜாபாத் சாலையில் போய், 2 அறை மட்டும் என்று பார்க்கலாம். சென்னைக்காரர் வருவது வெள்ளி, சனி இரவுகள், வருடத்துக்கு 104. அறுபது சதவீதம் நிரம்பினால் 2 அறைக்கும் சேர்த்து 125 அறை-இரவு. வரவு 3,12,500. ஐந்து ஏக்கர் நெல்லின் விலை!

செலவு, ஓர் அறைக்கு ஓர் இரவு, என் மதிப்பீட்டில்: இரண்டு பேருக்கு இட்லி, பொங்கல், காபி 240, சலவை 150, ஆப் கமிஷன் 15 சதவீதம் 375, பெருக்கித் துடைக்கக் கூலி 400, ஏசி மின்சாரம் 100. மொத்தம் 1,265. மிச்சம் 1,235. வருடத்துக்கு 1.54 லட்சம், மாதம் 12,900 கூட இல்லை. குளியலறையோடு சேர்த்து 500 சதுர அடி கட்ட, சதுர அடிக்கு 2,500 வீதம் 12.5 லட்சம். முதல் திரும்ப 8 வருடம், கடன் வட்டி சேர்க்காமல்.

தண்ணீர்க் கணக்கு மட்டும் இனிக்கிறது. தங்கும் விடுதிக்குப் படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்பது மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் அளவு. 125 அறை-இரவுக்கு 45,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி நாலு வந்தால் வருடம் ஓடிவிடும். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஏக்கருக்கு 48.6 லட்சம் லிட்டர், நூறு மடங்குக்கு மேல். ஆனால் 30 அடிக்கு 15 அடி, 4 அடி ஆழத்தில் ஒரு நீச்சல் குளம் வெட்டினால், ஒரே முறை நிரப்ப 51,000 லிட்டர். விருந்தாளிகளின் ஒரு வருடத் தண்ணீரும் அதற்குள் போய்விடும்.

மின்சாரத்தில் ஆசைப்படக் கூடாது. மோட்டாருக்கு வரும் இலவச விவசாய இணைப்பிலிருந்து அறைக்கு வயர் இழுப்பது முறைகேடு. வரியும் அப்படியே: நெல் வருமானத்துக்கு வருமான வரி இல்லை, அறை வாடகை விவசாய வருமானம் ஆகாது. ஜிஎஸ்டி பதிவு, வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். ஆப் வழியாக வரும் முன்பதிவுக்கு மட்டும், 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதத்தை ஆப் நிறுவனமே வசூலித்துக் கட்டும். விருந்தாளி கொடுப்பது 2,625. வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும்.

மேலே போட்ட 1,265-இல் சமைக்கிற வீட்டம்மாவின் உழைப்புக்கு ஒரு பைசாவும் இல்லை. மாதம் 12,900-க்கு அவரும்தான் வேலை செய்கிறார். நெல்லும் மாடும் இன்னும் இருக்கிற வீடானால் 2 அறையோடு தொடங்குங்கள். மூன்றாவது அறைக்கு அஸ்திவாரம் தோண்டுமுன், காலை 6 மணிக்கு இட்லி ஊற்றப்போவது யார் என்று வீட்டில் கேட்டுவிடுங்கள்.